பூட்டுக்காரர் செய்த பூட்டில்லாப் பெட்டி

பூட்டுக்காரரின் கடை ஆறடி அகலம், எட்டடி நீளம். மாடிப்படிக்கு அடியில் அமைந்திருந்ததால் உள்ளே செல்லச் செல்லக் கூரை தாழ்ந்துகொண்டே போகும். கடைசி இரண்டடியில் அவரே குனிந்துதான் நிற்க வேண்டும். வலப்புறச் சுவரில் வெட்டாத சாவிகள் அளவு வாரியாகத் தொங்கும். இடப்புறம் பழுது பார்க்க வந்த பூட்டுகள். நடுவில் ஒரு மரப்பலகை, அதன் விளிம்பில் இரும்பு இடுக்கி, பக்கத்தில் ஏழு அரங்கள். அவற்றில் ஒன்றுகூட இடம் மாறி இருந்ததை யாரும் பார்த்ததில்லை.

அவருடைய நாக்கு எட்டாவது அரம்.

“பூட்டுக்காரரே, சாவி தொலைஞ்சு போச்சு. வந்து கொஞ்சம் திறந்து குடுங்க.”

“வீடு உங்களுதா, மாமனாருதா?”

“மாமனாருது.”

“அப்போ அவரையும் கூட்டிட்டு வாங்க. ஒரு மருமகனை நம்பித் திறந்துட்டு மூணு தடவை சாட்சி சொல்லப் போனேன். அந்த அனுபவம் போதும்.”

தம் கையால் மாட்டிய பூட்டுகளைப் பற்றி அவருக்குப் பெருமை உண்டு. “என் பூட்டை உடைக்கலாம், ஏமாத்த முடியாது” என்று சொல்லுவார். அந்தப் பெருமையோடுதான் தம் மகள் படித்த பள்ளியின் முதலுதவி அறை அலமாரிக்கும் ஒரு பூட்டு மாட்டினார். அந்த அறையில் முதலில் கத்தரிக்கோல் காணாமற்போனது, பிறகு பஞ்சுச் சுருள், பிறகு வெப்பமானி. தலைமை எழுத்தர் பொறுமையிழந்து பூட்டுக்காரரை அழைத்தார். இரும்புச் சட்டம், தடித்த கண்ணாடி, ஏழு லீவர் பூட்டு. வேலை முடிந்ததும் தலைமை எழுத்தர் சாவியை வாங்கித் தம் இடுப்பு வளையத்தில் கோத்துக்கொண்டார். அந்த வளையத்தில் அது நாற்பத்தொன்றாவது சாவி. அவர் நடந்தால் வராந்தாவின் மறுகோடியில் இருக்கும் வகுப்புகூட அமைதியாகிவிடும். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ‘கொத்துச்சாவி’.

மகளுக்கு வேர்க்கடலை ஆகாது. மூன்று வயதில் ஒரே ஒரு பருப்பு வாயில் பட்டு உதடு தடித்து மூச்சு இரைத்த நாளிலிருந்து வீட்டில் கடலையின் வாசனைகூட இல்லை. மருத்துவர் இரண்டு பேனா ஊசிகளை எழுதிக் கொடுத்தார். உள்ளே அட்ரினலின் மருந்து. மூடியைக் கழற்றித் தொடையின் வெளிப்புறத்தில் அழுத்திப் பிடித்தால் போதும். துணியின் மேலேயே போடலாம். “சந்தேகம் வந்தாப் போட்டுடுங்க. போட்டது தப்பாப் போனா சமாளிச்சுக்கலாம். போடாம விட்டா முடியாது” என்று மருத்துவர் இரண்டு முறை சொன்னார். அதை அப்படியே எழுதி, ஊசிகளோடு பள்ளிக்குக் கொண்டு போனவர் பூட்டுக்காரர்தான்.

தலைமை எழுத்தர் கடிதத்தைக் கோப்பில் வைத்தார். ஊசிகளை அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

“பயப்படாதீங்க. உங்க பூட்டுதானே!”

பூட்டுக்காரர் சிரித்தார். பிற்காலத்தில் அவர் தலைமை எழுத்தரை எத்தனை முறை வெறுத்தாரோ, அத்தனை முறையும் அந்தத் தம் சிரிப்பையும் சேர்த்தே வெறுத்தார்.

நடந்தது நடந்தபடி இது. மகள் நான்காம் வகுப்பு. தோழி பிறந்த நாளுக்குக் கொண்டுவந்த மிட்டாயைக் கையில் வாங்கி, “இதுல கடலை இருக்கா?” என்று கேட்டிருக்கிறாள். “இல்லடி, வெறும் சாக்லேட்டு” என்றாள் தோழி, அவளுக்கும் தெரியாது. சிறிது நேரத்தில் கழுத்தெல்லாம் தடிப்பு, பிறகு இருமல், பிறகு குரல் கம்மியது. வகுப்பாசிரியைக்கு விவரம் தெரியும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முதலுதவி அறைக்கு ஓடினாள். கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு ஊசிகளும் பளிச்சென்று தெரிந்தன. சாவி இரண்டு தெரு தள்ளிக் கல்வி அலுவலகத்தில், தலைமை எழுத்தரின் இடுப்பில் இருந்தது.

அறைகளைப் பெருக்கும் ஆயா விளையாட்டு அறையிலிருந்து இரும்புக் குண்டைத் தூக்கி வந்துவிட்டாள். ஓங்கிய கையை ஆசிரியையின் கைப்பேசியில் ஒலித்த தலைமை எழுத்தரின் குரல் நிறுத்தியது.

“உடைக்காதீங்க! உடைச்சா மேல யார் பதில் சொல்றது? அஞ்சே நிமிஷம். இதோ கிளம்பிட்டேன்.”

ஆசிரியை ஆயாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் வந்தார். மூச்சு வாங்க, நாற்பத்தொரு சாவிகளில் தேடினார். அலமாரி திறந்தபோது பதின்மூன்று நிமிடங்கள் கடந்திருந்தன. ஊசி போட்டார்கள். மருந்து உள்ளே போனது. அதைச் சுமந்து செல்ல வேண்டிய ரத்த ஓட்டம் ஏறத்தாழ நின்றிருந்தது. ஆம்புலன்ஸ் வந்தபோது அதன் ஊழியர் நெடுநேரம் முயன்றார். பிறகு தொப்பியைக் கழற்றினார்.

விசாரணை நடந்தது. ‘மருந்து பள்ளியில் இருப்பு இருந்தது. மாணவிக்கு மருந்து செலுத்தப்பட்டது’ என்று அறிக்கை எழுதினார்கள். இரண்டு வாக்கியங்களும் பொய்யல்ல. நடுவிலிருந்த பதின்மூன்று நிமிடங்களுக்குத்தான் வாக்கியமே இல்லை. சாட்சி சொன்னவர்களும் அலுவலகத்தார், எழுதியவர்களும் அலுவலகத்தார். வேலிக்கு ஓணான் சாட்சி. ஆயாவை யாரும் கேட்கவில்லை. அவளே ஒருநாள் கடைக்கு வந்து, தலைப்பைக் கையில் முறுக்கியபடி, தொலைபேசியில் வந்த சொற்களை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று மாலை பூட்டுக்காரர் அதை மனைவியிடம் சொன்னார். அவள் சுவரைப் பார்த்தபடி கேட்டாள்.

“நல்ல பூட்டுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

அதற்குப் பின் அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அந்த ஒரு கேள்வி அவருக்கு உள்ளே போன முள். வெளியே எடுக்க முடியாத ஆழத்தில் நின்றுவிட்டது.

லாரி ஓட்டும் மைத்துனன் கொதித்தான். “ஒரு வார்த்தை சொல்லுங்க மச்சான். முட்டியைப் பேத்துடறேன். கொத்துச்சாவியை அவன் வாயிலேயே திணிச்சுட்டு வரேன்.”

“அடிச்சா என்ன ஆகும், மாப்ளே?”

“வலிக்கும்.”

“எத்தனை நாளைக்கு?”

“நல்லா வச்சா ரெண்டு மாசம்.”

“ரெண்டு மாசம் எனக்குப் பத்தாது. நீ லாரியை ஓட்டு. இதை நான் ஓட்டிக்கிறேன்.”

பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். பூட்டுக்காரருக்குப் பூமி வேண்டியிருக்கவில்லை. அந்த மனிதரின் வாயிலிருந்து, பலர் காதில் விழும்படி, ஒரே ஓர் உண்மை வெளிவர வேண்டும்: சாவி என்னிடம் இருந்தது, உடைக்கவும் நான் விடவில்லை. அது வரும்வரை தமக்கு உறக்கமில்லை என்று அவர் தீர்மானித்துக்கொண்டார்.

ஓராண்டு ஆயிற்று. பள்ளிக்குப் புதிய தலைமை ஆசிரியை வந்தார். எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக ஒரு மருந்துப்பெட்டி வேண்டும், ஆசிரியர்களுக்குப் பயிற்சி வேண்டும் என்று பெற்றோர் கூட்டம் கூட்டினார். பெட்டியைத் தாமே செய்து தருவதாகப் பூட்டுக்காரர் சொல்லியனுப்பினார். தலைமை ஆசிரியைக்குக் கண் கலங்கியது. “பெரிய மனசு” என்றார். மனசின் அளவை அவர் அப்போது அறியார்.

பெட்டியைப் பூட்டுக்காரர் பதினொரு நாள் செய்தார். சிவப்பு வண்ணம், முன்புறம் கண்ணாடிக் கதவு, கீழ்விளிம்பில் ஒரு குமிழ். நடுவில் பித்தளைத் தகடு. அதில் அழகான சாவித் துவாரம். தகட்டுக்குப் பின்னால் ஒன்றுமில்லை. பூட்டே இல்லை. கதவைப் பிடித்திருந்தது ஒரு சிறு காந்தம். சுண்டுவிரலால் இழுத்தால் திறந்துகொள்ளும். பூட்டை அறிந்தவன் பூட்டுகிறவனையும் அறிவான். சாவி போடாமல் கதவை இழுத்துப் பார்க்கும் பழக்கம் தலைமை எழுத்தருக்கு முப்பது ஆண்டு வேலையில் ஒருநாளும் வந்ததில்லை என்பது பூட்டுக்காரருக்குத் தெரியும்.

கூட்டத்தன்று மண்டபத்தில் இருநூறு பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். பயிற்சி தர வந்த செவிலி, கணக்காசிரியரை மேசைமேல் படுக்கவைத்துக் கால்களை ஒரு நாற்காலியில் உயர்த்தி வைத்தார். “இவருதான் நோயாளி. மூச்சு விட முடியல. எழுப்பி நடக்க வைக்கக்கூடாது. இப்போ ஊசி வேணும்” என்றார். “கணக்குப் பாடம் எடுக்கும்போது எங்களுக்கும் இப்படித்தான் இருக்கும்” என்று பின்வரிசையில் பழைய மாணவர் ஒருவர் சொல்ல, மண்டபம் சிரித்தது.

பூட்டுக்காரரைப் பேச அழைத்தார்கள். “எனக்குப் பேச வராதுங்க. ஒரு வேலை குடுக்கிறேன்” என்றவர், பையிலிருந்து ஒரு வளையத்தை எடுத்தார். அதில் நாற்பத்தொரு சாவிகள். நேராகப் போய்த் தலைமை எழுத்தரின் உள்ளங்கையில் வைத்தார்.

“சார், பெட்டி அங்க இருக்கு. ஊசி உள்ள இருக்கு. உங்களுக்குப் பழக்கமான வேலைதான். எடுத்துட்டு வாங்க.”

சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

முதல் சாவி நுழைந்தது, சுழன்றது, பூட்டு விடும் ஓசை வரவில்லை; அவர் குமிழைத் தொடவே இல்லை. இரண்டாவதும் அப்படியே. நான்காம் சாவி வரை சிரிப்பு இருந்தது. “சார், எண்ணெய் போடுங்க!” என்று ஒருவர் கத்தினார். பத்தாவது சாவியில் சிரிப்பு நின்றது. அந்த எண்ணிக்கையின் பொருள் வரிசை வரிசையாகப் பின்னோக்கி விளங்கிக்கொண்டே போயிற்று. வகுப்பாசிரியை முகத்தை மூடிக்கொண்டாள். தலைமை எழுத்தரின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

ஐந்து நிமிடம் ஆனதும் தலைமை ஆசிரியை எழுந்தார். “போதுங்க. எல்லாருக்கும் புரிஞ்சுடுச்சு.”

“இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு, மேடம்.”

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வேறு யாரும் எழவில்லை. சாவிகள் ஒன்றோடொன்று மோதும் ஒலி மட்டும் கேட்டது. மேசைமேல் படுத்திருந்த கணக்காசிரியர் கண்ணைத் திறக்க அஞ்சி, மெய்யாகவே நோயாளியைப் போலக் கிடந்தார்.

ஆயா சுவரோரம் நின்றிருந்தாள். அன்று காலை பெட்டியின் உட்புறத்தைத் துடைத்தவள் அவள்தான். கதவு எப்படித் திறக்கும் என்பது அவளுக்குத் தெரியும். பூட்டுக்காரர் அவளைப் பார்த்தார். அவளும் கடிகாரத்தைப் பார்த்தாள். பதின்மூன்றாம் நிமிடம் முடிந்ததும் நடந்து வந்து, தலைமை எழுத்தரை முழங்கையால் ஒதுக்கிவிட்டுக் குமிழை இழுத்தாள். கதவு சத்தமே இல்லாமல் திறந்தது.

“பூட்டே இல்ல சார்” என்றாள். “அன்னைக்கும் நான் உடைக்கத்தான் வந்தேன். நீங்கதான் போன்ல வேண்டாம்னீங்க. சொன்னீங்களா, இல்லையா? எல்லார் முன்னாடியும் சொல்லுங்க.”

தலைமை எழுத்தரின் கையிலிருந்து வளையம் விழுந்தது. 

“சொன்னேன். உடைக்க வேண்டாம்னு நான்தான் சொன்னேன்.”

மண்டபம் கொந்தளித்தது. “வீட்டுக்கு அனுப்புங்க இவரை!” என்று முன்வரிசையே எழுந்துவிட்டது. தலைமை ஆசிரியை அன்றே மேலிடத்துக்கு எழுதுவதாகச் சொன்னார். அப்போது பூட்டுக்காரர் கையை உயர்த்தினார்.

“வேண்டாம். அனுப்பினா வேற ஊர்ல போய் வேற சாவியை இடுப்புல சொருகிக்குவாரு. இங்கேயே இருக்கட்டும். ஓய்வு பெற இன்னும் ஆறு வருஷம் இருக்காம். அது வரைக்கும் திங்கட்கிழமை தோறும் காலைக்கூட்டத்துல இந்தப் பெட்டியை இவர் கையால திறக்கணும். ஊசியை எடுத்துக் காட்டணும், காலாவதித் தேதியைப் படிக்கணும். அப்புறம் நான் எழுதித் தர்ற மூணு வரியை வாசிக்கணும். எனக்கு வேற எதுவும் வேண்டாம்.”

மூன்று வரிகள் இவை: ‘இந்தப் பெட்டிக்குப் பூட்டு இல்லை. முன்பிருந்த அலமாரிக்குப் பூட்டு இருந்தது. அதன் சாவி என்னிடம் இருந்தது.’

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து அது தொடங்கியது. ஒன்பது மணி பத்து நிமிடத்துக்குப் பூட்டுக்காரர் மிதிவண்டியைப் பள்ளி வாயிலில் நிறுத்திவிடுவார். ஒலிபெருக்கியில் மூன்றாவது வரி வரும்வரை நிற்பார்; வந்ததும் போய்க் கடையைத் திறப்பார். மழையானாலும் காய்ச்சலானாலும் அந்த நியமம் தவறவில்லை. தலைமை எழுத்தர் முதல் மாதம் முணுமுணுத்தார். “வாயில கொழுக்கட்டையா? காதுல விழல” என்று பூட்டுக்காரர் வாயிலில் நின்றே குரல் கொடுத்தார். அதன் பிறகு ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்தது. இடுப்பு வளையம் மறைந்தது. நடை ஓசையற்றதாயிற்று. சிறு பிள்ளைகள் அந்த வரிகளை மனப்பாடமாக்கி, விளையாட்டிலும் சொல்லத் தொடங்கினார்கள். அவர் கடந்து செல்லும்போது வேண்டுமென்றே சற்று உரக்கச் சொன்னார்கள். இதையெல்லாம் ஆயா வந்து சொல்லச் சொல்ல, பூட்டுக்காரருக்கு அரம் ஓடும் கை இலகுவாயிற்று.

“தம்பி, மனுஷன் பாதி உடம்பாயிட்டான். போதும்பா” என்றாள் ஆயா ஒருமுறை.

“உங்களுக்குப் போதும்னா நீங்க காதைப் பொத்திக்குங்க, அக்கா. எனக்கு இன்னும் பசி அடங்கல.”

மூன்றாம் ஆண்டில் ஒரு புதன்கிழமை, நண்பகலில், அதே ஆயா செருப்புகூடப் போடாமல் கடைக்கு ஓடி வந்தாள். பூட்டுக்காரர் இடுக்கியில் ஒரு சாவியை வைத்து அராவிக்கொண்டிருந்தார்.

“தம்பி, ஒரு பொண்ணைக் குளவி கொட்டிடுச்சு. தண்ணித் தொட்டிகிட்ட. ஒரே நிமிஷத்துல முகமெல்லாம் வீங்கி, மூச்சு விட முடியாமச் சரிஞ்சு விழுந்துடுச்சு. அதுக்கு அலர்ஜி இருக்குன்னு பெத்தவங்களுக்கே தெரியாது.”

அரம் நின்றது. “அப்புறம்?”

“கொத்துச்சாவி ஓடினாரு பாரு! அந்த வயசுல அப்படி ஓடி நான் பார்த்ததில்ல. பெட்டியைத் திறந்தாரு, ஊசியை எடுத்தாரு, பொண்ணைப் படுக்க வச்சுத் தொடையில குத்தினாரு. காலைத் தூக்கி வைங்கன்னு கத்துறாரு, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கன்னு கத்துறாரு. வண்டி வர்றதுக்குள்ள பொண்ணு கண்ணு முழிச்சு அம்மான்னு அழுதுச்சு. பிழைச்சுக்கிச்சு தம்பி!”

“நல்லது” என்றார் பூட்டுக்காரர்.

“பள்ளிக்கூடமே அவருக்குக் கை தட்டுது. அந்தப் பொண்ணோட அப்பா அவர் கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிறாரு.”

ஆயா போன பிறகு பார்த்தால், இடுக்கியிலிருந்த சாவி வீணாகியிருந்தது. அவரை அறியாமலே பல்லை வேரோடு அராவித் தள்ளியிருந்தார். ஒரு பிள்ளை பிழைத்ததில் அவருக்கு வருத்தமில்லை. அந்த அளவுக்கு அவர் மரத்துப் போகவில்லை. ஆனால் வயிறு எரிந்தது. மூன்றாண்டுகள் அந்த மனிதரைத் தினையளவாகத் தேய்த்தார். தேய்த்த கல்லிலேயே அந்த மனிதர் கத்தியாகக் கூர் ஏறிவிட்டார். வாரந்தோறும் பெட்டியைத் திறக்கவைத்த பழியே அந்தக் கைகளுக்குப் பயிற்சியாகிவிட்டது. கை தட்டியவர்களில் யாருக்கேனும் நாற்பத்தொரு சாவிகள் நினைவிருக்குமா?

மாலையில் தலைமை எழுத்தர் கடைக்கு வந்தார். கூரை இடிக்காமல் குனிந்து நின்றார். மாலையில் கணவருக்குத் துணையாக வரும் மனைவி, மூலையில் சாவிகளைத் துடைத்து வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாள். அவள் நிமிரவில்லை.

“ஒண்ணரை நிமிஷம்” என்றார் தலைமை எழுத்தர்.

“யார் பார்த்தது?”

“நான்தான். ஓடும்போதே கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டுத்தான் ஓடினேன். உங்களாலதான்...”

“நன்றி சொல்ல வந்தீங்கன்னா, வந்த வழியே போங்க.”

“நன்றி இல்ல. மன்னிப்புக் கேக்க வந்தேன். அன்னைக்கு எல்லார் முன்னாடியும் ஒத்துக்கிட்டேன். உங்ககிட்ட இதுவரைக்கும் கேக்கல.” சற்று நின்று தொடர்ந்தார். “இனிமே திங்கட்கிழமை வாசிக்க வேண்டாம்னு மேடம் சொல்றாங்க. பெத்தவங்களும் அதையேதான் சொல்றாங்க. நீங்க சொன்னாத்தான் நிறுத்துவேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.”

பூட்டுக்காரர் வீணான சாவியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். மூலையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

“அந்தப் பொண்ணு எந்த வகுப்பு?”

“நாலாவதுங்க, அம்மா.”

அவள் கையிலிருந்த துணி நின்றது. 

பூட்டுக்காரர் ஓர் அட்டையைக் கிழித்தார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, எழுத்தெழுத்தாக எழுதி நீட்டினார்.

“மன்னிக்க எனக்குத் தெரியாதுங்க, சார். பூட்டத் தெரியும், திறக்கத் தெரியும். அவ்வளவுதான். வாசிக்கிறது நிக்காது. ரெண்டு வரி கூடுது. அவ்வளவுதான் மாத்தம்.”

தலைமை எழுத்தர் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். 

“இதையுமா?”

“இதையும்தான். இன்னும் மூணு வருஷம் இருக்கே.”

அவர் அட்டையை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை பூட்டுக்காரர் மிதிவண்டியை எடுத்தபோது, மனைவி வந்து பின்னிருக்கையில் உட்கார்ந்தாள். இத்தனை ஆண்டுகளில் அவள் அந்த வாயிலுக்கு வந்ததில்லை. கூடுதல் பாரத்தில் வண்டி மெதுவாகவே போனது; சற்றுத் தாமதமாக இருவரும் கம்பிக் கதவுக்கு வெளியே வந்து நின்றார்கள். பெட்டி அதற்குள் திறந்திருந்தது. தேதியும் படித்தாகிவிட்டது. மூன்றாவது வரிதான் காதில் விழுந்தது. பிறகு ஒலிபெருக்கியில் சற்று இடைவெளி. அட்டை பிரியும் ஓசை.

“இந்தப் பெட்டியை நான் ஒன்றரை நிமிடத்தில் திறந்தேன்; ஒரு மாணவி வீட்டுக்குப் போனாள். அந்த அலமாரியைப் பதின்மூன்று நிமிடங்கள் கழித்துத் திறந்தேன்...”

குரல் அங்கே உடைந்தது. மைதானத்தில் ஒரு பிள்ளையும் அசையவில்லை. மனைவி கம்பியைப் பிடித்த பிடியைத் தளர்த்தாமல் காத்திருந்தாள். மூச்சைச் சேர்த்துக்கொண்டு அவர் முடித்தார்.

“...ஒரு மாணவி வீட்டுக்குப் போகவில்லை.”

பூட்டுக்காரர் மிதிவண்டியைத் திருப்பினார். மனைவி ஏறி உட்கார்ந்தாள். தெருமுனை திரும்பியதும் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து சொன்னாள்.

“அடுத்த வாரம் கொஞ்சம் முன்னாடியே கிளம்புங்க. முதல் வரியிலிருந்தே நான் கேக்கணும்.”